மூன்றாம் லைனுக்குக் கிளி வந்தது

செப்டம்பர் 2, திங்கள்

நூல் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இத்தனை நாளும் மிக்ஸி ஆடாமல் இருக்க அதன் காலுக்கடியில் வைத்திருந்தேன். இன்றைக்கு உருவி எடுத்துவிட்டேன். மிக்ஸி ஆடட்டும். எனக்கிருக்கிற ஆத்திரத்தை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறந்ததும் அவர் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்.

விஷயம் இதுதான். எங்கள் பனியன் கம்பெனியில் நான் மூன்றாம் லைன் சூப்பர்வைசர். லைனில் நாற்பத்திரண்டு பேர். பாதிப் பேர் நம்மூர், மீதி பீகாரும் ஒடிசாவும். இவர்களுக்கு இந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஜீவன் வசந்தாமணி, அதாவது நான். கல்யாணமான புதிதில் மும்பைப் பக்கம் பிவண்டியில் தறி மெக்கானிக் வேலைக்குப் போன வீட்டுக்காரரோடு எட்டு வருஷம் இருந்தேன். இந்தியைத் தண்ணீர்க் குழாயடியில் கற்றுக்கொண்டேன். அந்த ஒரே காரணத்துக்காகத்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால், செக்கிங் டேபிளில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்த என்னை முதலாளி கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

இன்றைக்கு முதலாளியின் மகள் நிவேதா மேடம் மீட்டிங் போட்டார். வெளியூரில் பெரிய படிப்புப் படித்துவிட்டு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு மெஷின் வருகிறதாம். தமிழில் பேசினால் இந்தியில் சொல்லுமாம், இந்தியில் பேசினால் தமிழில் சொல்லுமாம்.

"இனி நடுவுல ஆள் வேண்டாங்க்கா. அவங்கவங்களே பேசிக்கலாம்" என்றார். இருபத்தெட்டாம் தேதி பதினெட்டாயிரம் குழந்தைகள் டீ-ஷர்ட் ஷிப்மென்ட். அதுவரைக்கும் எங்கள் லைனில் வைத்துப் பார்ப்பார்களாம். "சரியா வந்துச்சுன்னா உங்க போஸ்ட்டை என்ன பண்றதுன்னு அப்புறம் பேசுவோம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

திரும்பப் பிசிர் வெட்ட நான் போக மாட்டேன். எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மொழிபெயர்ப்பு என்றால் என்னவென்று அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? சந்தையில் வாங்கின கீரையை அப்படியே தட்டில் வைப்பார்களா? மண்ணைக் கழுவ வேண்டாமா?

இன்றைக்கு நடந்ததையே எழுதுகிறேன். ஓவர்லாக் டைலர் மயில்சாமி அண்ணன் லைனிலேயே மூத்தவர், முப்பது வருஷ சர்வீஸ், வாய் மட்டும் சாக்கடை. அவர் பக்கத் தையல் போட்டுக் கொடுக்கும் பீஸுக்குக் கீழ்மடிப்பு அடிப்பவர் பேட்லாக் டைலர் ராம்பிரவேஷ், பீகார், நாற்பத்தைந்து வயது, நேரான மனுஷர், நேரான முதுகு. மயிலண்ணன் இன்றைக்கு ஒரு பீஸைத் தூக்கிக் காட்டி, "மாடு ஒண்ணுக்குப் போன மாதிரி அடிச்சு வெச்சிருக்கறான் பாரு அம்மணி, இவனுக்கெல்லாம் எவன் மெஷின் குடுத்தது" என்றார்.

நான் இந்தியில் சொன்னது: "ராம்பிரவேஷ், உங்க தையல் மாதிரி திருப்பூரிலேயே கிடையாதுன்னு அண்ணன் சொல்றார். இந்த ஒண்ணை மட்டும் திருப்பி அடிச்சுக் கொடுப்பீங்களாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி, ஏதோ நீளமாகப் பொருமினார். "இந்தக் கிழவன் தைக்கிறதைச் சரி பண்ணியே என் ஆயுசு போகிறது" என்கிற மாதிரி. நான் மயிலண்ணனிடம், "நீங்க அவருக்குக் குரு மாதிரியாம்ணா, சொன்னா உடனே செஞ்சிடறேங்கறார்" என்றேன்.

அண்ணனுக்கு மீசை துடித்தது. ராம்பிரவேஷுக்கு முதுகு இன்னும் நேரானது. பீஸ் திரும்பி அடித்து வந்தது. ஆறு வருஷமாக இந்த லைனில் ஒரு சண்டை கிடையாது. மற்ற லைன்களில் மாசத்துக்கு ஒரு கத்தரிக்கோல் பறக்கும்.

செப்டம்பர் 4, புதன்

மெஷின் வந்துவிட்டது. ஒரு சிலேட் அளவு. பச்சை உறை போட்டு, மயிலண்ணனுக்கும் ராம்பிரவேஷுக்கும் நடுவில் ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். அமுக்கிக்கொண்டு பேச வேண்டும். உள்ளே ஒரு பெண் குரல், செய்தி வாசிக்கிற மாதிரி. அயர்னிங் பையன்கள் அதற்குள் கிளி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

நிவேதா மேடம், "ரெண்டு பேரும் முதல்ல ஒருத்தருக்கொருத்தர் நல்லதா ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். நான் அப்போதே தண்ணீர் குடிக்கப் போயிருக்க வேண்டும்.

மயிலண்ணன் தொண்டையைச் செருமினார். "தம்பி, நீ என்னியக் குருன்னு சொல்றது எனக்கு ரொம்பப் பெருமைப்பா. என்ற சொந்த மச்சான்கூட அப்படிச் சொன்னதில்லை."

கிளி அதை இந்தியில் சொன்னது. ராம்பிரவேஷ் நெற்றியைச் சுருக்கினார். பிறகு அமுக்கிப் பேசினார். கிளி வாசித்தது: "வணக்கம். நான் அவ்வாறு ஒருபோதும் கூறவில்லை. எனினும் என் தையல் திருப்பூரிலேயே சிறந்தது என்று தாங்கள் நாள்தோறும் புகழ்வதற்கு நன்றி."

"நானெப்படா சொன்னேன்?" என்றார் மயிலண்ணன். பொத்தானிலிருந்து கையை எடுக்காமல் சொல்லிவிட்டார். கிளி அதையும் சொன்னது.

அப்புறம் நடந்ததை எழுதினால் டைரி தாங்காது. ஆறு வருஷத்து மண்ணும் ஒரே நாளில் தட்டுக்கு வந்தது. மாடு ஒண்ணுக்குப் போனதை "பசு சிறுநீர் கழித்த பாதை" என்று கிளி இந்தியில் எவ்வளவு அழகாகச் சொன்னது தெரியுமா. கடைசியில் இருவரும் கிளியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

நான் சொன்னேன், மெஷின் தப்பாகச் சொல்கிறது என்று.

செப்டம்பர் 5, வியாழன்

மயிலண்ணன் லீவு. ராம்பிரவேஷும் லீவு. கிளி மட்டும் நேரத்துக்கு வேலைக்கு வந்திருந்தது.

செப்டம்பர் 6, வெள்ளி

நாளொன்றுக்குத் தொள்ளாயிரம் பீஸ் போகிற லைன் இன்றைக்கு நானூற்றுப் பத்து. இதற்குக் கிளிதான் பொறுப்பு என்று நிவேதா மேடத்திடம் சொன்னேன். அது சீனாச் சாமான், நம்பக்கூடாது, ஆளுக்குத் தகுந்த மாதிரி வாய்க்கு வந்ததைச் சொல்கிறது என்றும் சொன்னேன்.

அந்தப் பெண் கிளியை எடுத்துத் தட்டிப் பார்த்தார். புதன்கிழமைச் சண்டை முழுக்க கிளிக்குள் பதிவாகி இருக்கிறதாம். அதைப் பாட்னாவில் இருக்கும், தமிழும் தெரிந்த தன் காலேஜ் சிநேகிதிக்கு அனுப்பினார். மத்தியானம் பதில் வந்தது. கிளி சொன்னது அத்தனையும் சரியாம். சிநேகிதி விழுந்து விழுந்து சிரித்தாளாம். இன்னும் இருந்தால் அனுப்பச் சொன்னாளாம்.

சாயந்திரம் பஸ் ஸ்டாப்பில் மயிலண்ணன் வந்து நின்றார். "ஏன் அம்மணி, ஆறு வருசமா எனக்கு நீ சொன்னதுல ஒரு வார்த்தைகூட நெசமில்லையா?"

"தீபாவளி வாழ்த்துச் சொன்னார்னு சொன்னேனே, அது நெசம்ணா."

அவர் அடுத்த பஸ்ஸில் போனார்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கம்பெனி லீவு. கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்தபோது வீட்டுக்காரர் வந்து, "கம்பெனில ஏதோ பிரச்சினையாமா" என்றார். அயர்னிங் பையன் ஒருவன் இந்தத் தெருவில்தான் இருக்கிறான். ஒரு பிரச்சினையும் இல்லை, மெஷின் மாற்றுகிறார்கள் என்றேன். "உன்ற இந்தியக் கேட்டுத்தான் மெஷின் வெச்சாங்களா?" என்று சிரித்தார். பிவண்டியில் நான் சண்டைக்கு மட்டும்தான் இந்தி கற்றேனாம், சமாதானத்துக்கு ஒரு வார்த்தையும் கற்கவில்லையாம்.

அவருக்கு இரண்டு கொழுக்கட்டை குறைத்து வைத்தேன்.

செப்டம்பர் 9, திங்கள்

கிளியை இடம் மாற்றி வைத்தேன். வெளிச்சம் போதவில்லை என்பதற்காகத்தான். மாற்றி வைத்த இடத்துக்குப் பக்கத்தில் கம்ப்ரஸர் இருந்தது தற்செயல். அந்த இரைச்சலில் கிளிக்குக் காது கேட்காமல், யார் அமுக்கிப் பேசினாலும் "தயவு செய்து மீண்டும் கூறவும், தயவு செய்து மீண்டும் கூறவும்" என்று நாள் பூராவும் கெஞ்சிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 10, செவ்வாய்

கிளி தானாகக் கீழே விழுந்தது. நான் பக்கத்தில் நின்றது உண்மைதான். உறை கெட்டி, ஒரு கீறல்கூட இல்லை.

லேபிள் தைக்கும் ஒடிசாப் பெண் பசந்தி ஓடி வந்து அதை எடுத்துத் துடைத்து, கம்ப்ரஸர் பக்கம் வைக்காமல், பழைய இடத்திலேயே வைத்தாள். முப்பது வயது, வந்து நாலு வருஷம் ஆகிறது, வாயே திறக்காத பெண். என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். எனக்கு ஏனோ அது பிடிக்கவில்லை.

செப்டம்பர் 11, புதன்

காலையிலிருந்து மயிலண்ணனும் ராம்பிரவேஷும் கிளியை வைத்துச் சண்டை. பொத்தானை நான்தான் அமுக்குவேன் என்று ஆளுக்கொரு பிடிவாதம். லைனே வேடிக்கை பார்த்தது. நான் நடுவில் போனேன். இருவரும் ஒரே நேரத்தில் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்கள். ஆறு வருஷத்தில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

சண்டை இதுதான். மயிலண்ணன் பக்கத் தையலைக் கைப்பக்கம் ஆரம்பித்துக் கீழே கொண்டு வருகிறார். கீழே வந்து முடியும்போது முன்துணியும் பின்துணியும் கால் இஞ்ச் ஏறி இறங்கி நிற்கிறது. ராம்பிரவேஷ் ஒவ்வொரு பீஸையும் கத்தரியால் சமம் பண்ணிவிட்டுத்தான் மடிப்பு அடிக்க முடிகிறது. வெட்டி வெட்டி அடிப்பதால்தான் அவர் மடிப்பு கோணுகிறது.

"இதை நான் ஆறு ஆண்டுகளாகத் தெரிவித்து வருகிறேன்" என்றது கிளி.

"எவன்ட்டடா தெரிவிச்ச?"

லைன் முழுக்க என் பக்கம் திரும்பியது. நான் பீஸ் எண்ணிக்கொண்டிருந்தேன். நிறைய பீஸ் இருந்தது.

மயிலண்ணன் கொஞ்ச நேரம் துணியைப் புரட்டிப் பார்த்தார். அப்புறம் ஒரு பீஸை எடுத்துக் கீழ்ப்பக்கத்திலிருந்து ஆரம்பித்துக் கைப்பக்கம் முடித்தார். ராம்பிரவேஷிடம் தூக்கிப் போட்டார். அவர் கத்தரியை எடுக்கவே இல்லை. நேராக மடித்தார், அடித்தார். மடிப்பு ஸ்கேல் வைத்த மாதிரி வந்தது.

"ஆகட்டும்" என்றார் மயிலண்ணன். கிளி அதை என்னவென்று சொன்னதோ எனக்குக் கேட்கவில்லை, ராம்பிரவேஷ் சிரித்தார்.

செப்டம்பர் 12, வியாழன்

ஆயிரத்து நாற்பது பீஸ். இன்றைக்கு கரண்ட் ஒழுங்காக இருந்தது.

செப்டம்பர் 13, வெள்ளி

ஆயிரத்து நூறு. இன்றைக்கும் கரண்ட் ஒழுங்காகத்தான் இருந்தது.

செப்டம்பர் 14, சனி

ஆறு நாளைக்கு ஒரு தரம் வரும் தண்ணீர் இன்றைக்கு வந்தது. குடம் எல்லாம் பிடித்து வைத்துவிட்டுப் போனதில் பத்து நிமிஷம் லேட். முன்பெல்லாம் நான் லேட்டாகப் போனால் லைன் ஸ்தம்பித்து நிற்கும். இன்றைக்கு நான் வந்ததையே யாரும் கவனிக்கவில்லை.

டீ இடைவேளையில் கிளியைச் சுற்றிக் கூட்டம். மயிலண்ணன் தன் மச்சானைப் பற்றி ஏதோ சொல்ல, கிளி செய்தி வாசிக்கும் குரலில் அதை இந்தியாக்க, பீகார்ப் பையன்கள் டீயைத் துப்பிச் சிரித்தார்கள். திட்டுகிறார்கள், உடனே சிரிக்கிறார்கள். என்ன ஜனங்களோ. நான் என் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். மூன்று தடவை துடைத்தேன்.

தனியாக இருந்தது. வேறெப்படிச் சொல்வது.

செப்டம்பர் 17, செவ்வாய்

விஸ்வகர்மா பூஜை. நமக்கு ஆயுத பூஜை மாதிரி வடக்கத்தியர்களுக்கு இது. அன்றைக்கு மெஷினை ஓட்டக்கூடாது, கழுவிப் பொட்டு வைத்துக் கும்பிட வேண்டும். ஒவ்வொரு வருஷமும் ஷிப்மென்ட் நேரத்தில் வந்து தொலைக்கும். வேலை கெடுமே என்று இத்தனை வருஷமும் நான் நம்மூர் ஆட்களிடம் "அவங்க மெஷினுக்கு எண்ணெய் விடறாங்க" என்றும், அவர்களிடம் "கால் மணி நேரத்துக்கு மேல் கும்பிட்டால் முதலாளி கோபிப்பார்" என்றும் சொல்லிச் சமாளித்து வந்தேன்.

இந்த வருஷம் ராம்பிரவேஷே கிளியிடம் சொல்லிவிட்டார். அது காதில் விழுந்ததும் மயிலண்ணன், "அட, நம்ம ஆயுத பூஜைதானப்பா, எண்ணெய் விடறாங்கன்னு இவ கதை உட்டுட்டா" என்று சொல்லிப் பொரியும் கடலையும் வாங்கி வந்தார். நம்மூர்ப் பெண்கள் வாசலில் கோலம் போட்டார்கள். பசந்தி எல்லா மெஷினுக்கும் செவ்வந்திப் பூ வைத்தாள். முதலாளியே இறங்கி வந்து கும்பிட்டார். பொரியில் கொஞ்சம் கல் இருந்தது. மற்றபடி நல்ல பூஜை.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 18, புதன்

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். எழுதாவிட்டாலும் லைனில் நாற்பத்தோரு பேருக்குத் தெரியும்.

பொரி கொடுக்கும்போது ராம்பிரவேஷ் முதலாளி முன்னால் போய் நின்றார். கிளியைக் கையில் வைத்திருந்தார். ஆறு வருஷத்தில் அவர் முதலாளியிடம் நேராகப் பேசுவது அதுதான் முதல் தடவை. கிளி வாசித்தது: "ஐயா, தங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கோபமாக இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகளின் திருமணத்துக்குப் பன்னிரண்டு நாள் விடுப்புக் கேட்டேன். தாங்கள் மறுத்துவிட்டீர்கள். ஏன் என்று அறிய விரும்புகிறேன்."

முதலாளி பொரியை மெல்வதை நிறுத்தினார். "லீவா? எங்கிட்ட யாரும் கேக்கலையேப்பா. நீயே போக வேண்டாம்னு சொல்லிட்டே, ஷிப்மென்ட்தான் முக்கியம்னுட்டேன்னு சொன்னாங்களே. அதுக்குத்தானே அந்த ஆயுத பூஜைக்கு உனக்கு மாலை போட்டோம்?"

யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

நடந்தது இது. அவர் என்னிடம் லீவு கேட்டார். ஷிப்மென்ட் எட்டு நாளில் இருந்தது. பேட்லாக்கில் அவரை விட்டால் ஆள் இல்லை. முதலாளியிடம் போய்க் கேட்க எனக்குப் பயம். ஷிப்மென்ட் தவறினால் இந்த நாற்காலி போய்விடும், திரும்பக் கத்தரியும் கையுமாக நிற்க வேண்டும். அதனால் நான் முதலாளியிடம் போகவே இல்லை. வாஷ்பேசின் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, "சார் முடியாதுன்னுட்டார்" என்று அவரிடம் சொன்னேன். பிற்பாடு முதலாளி கேட்டபோது, "அவரே வேண்டாம்னுட்டார்" என்றேன்.

கல்யாணப் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பி வைக்கும் நேரம் காலை ஒன்பது மணி. அதை அவர் போனில் வீடியோவாகப் பார்த்தார். கட்டிங் செக்‌ஷன் ஜன்னலில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். சிக்னல் அறுந்துவிடாமல் இருக்க போனை நான்தான் ஜன்னலோரம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் காரில் ஏறும்போது "பாபூஜி, பாபூஜி" என்று அப்பாவைக் கூப்பிட்டு என் கைக்குள்ளிருந்து அழுதது. அவர் கண்ணீர் வழிய நேராக நின்று பார்த்தார். சுற்றி நின்றவர்கள் ஏன் அழுகிறார் என்று கேட்டார்கள். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நான் தமிழில் சொன்னேன்.

நான் செய்தது பெரிய அநியாயம். இதை எப்படிக் கழுவினாலும் மண் போகாது.

செப்டம்பர் 19, வியாழன்

ஆயிரத்து எழுபது பீஸ். என்னிடம் யாரும் பேசவில்லை. என் டீயை டேபிளில் வைத்துவிட்டுப் போனான் பையன். ஆறிப் போயிருந்தது.

செப்டம்பர் 20, வெள்ளி

ராம்பிரவேஷ் வழக்கம்போல வருகிறார், அடிக்கிறார், போகிறார். நான் பீஸ் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். கண்ணைப் பார்ப்பதில்லை. திட்டினால்கூடத் தேவலை.

மயிலண்ணன்தான் வந்தார். "என்னிய ஏமாத்துனதை உட்டுத் தள்ளு அம்மணி. அது நல்ல பொய்யி. வருசம் பூரா எவனோ என்னியக் குருங்கறான்னு நெனச்சு நிம்மதியாத் தூங்கிருக்கறேன். ஆனா அந்தாளுக்குச் சொன்னது பொய்யில்ல, பாவம்." சொல்லிவிட்டு நிற்காமல் போனார். சாக்கடை வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தைகூட வரவில்லை என்பதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

செப்டம்பர் 21, சனி

கை கழுவும் இடத்தில் பசந்தி பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, சோப்பு இந்தப் பக்கம் இருக்குதுங்க" என்றாள்.

நான் நன்றி சொல்லிவிட்டுச் சோப்பை எடுத்த பிறகுதான் உறைத்தது. தமிழ்.

"உனக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியுங்க்கா. வந்த வருசமே கத்துக்கிட்டேன். ரூம்ல பக்கத்து வூட்டு அக்கா சொல்லிக் குடுத்தாங்க."

நான் குழாயை மூடினேன். நாலு வருஷம். மயிலண்ணன் பேசியதும் அவளுக்குத் தெரியும், நான் சொன்னதும் தெரியும். "அப்புறம் ஏன்டி வாயத் தெறக்கல?"

"லைன்ல சண்டை இல்லைங்களேக்கா. நீங்க மாத்திச் சொல்றது கேக்க நல்லா இருக்கும். சாயந்திரம் ரூம்ல எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பேன்." கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா லீவு விசயம் எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா ராம்பிரவேஷ் அண்ணன்ட்டச் சொல்லியிருப்பேன். உங்களுக்காகப் பாத்திருக்க மாட்டேன்."

சரி என்றேன். 

செப்டம்பர் 24, செவ்வாய்

ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சப்பாத்தி. மாவு தேய்த்துக்கொண்டே வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டிவியை அணைத்துவிட்டார்.  அப்புறம், "அந்தாள்கிட்ட மன்னிப்புக் கேட்டயா?" என்றார்.

இந்தியில் சொல்லிப் பழகினேன். "மாஃப் கீஜியே" வரைக்கும் வருகிறது. அதற்கு மேல் எனக்கு இந்தி இல்லை. குழாயடியில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தார். சொல்லிப் பார்த்தால், நான் செய்ததை ஏதோ கைதவறி நடந்தது மாதிரி வாய் தானாக மாற்றிச் சொல்கிறது. மூன்று தடவை சொன்னேன், மூன்று தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்தது. "உன்ற வாயே உன்னிய உடாது போல" என்றார்.

சப்பாத்தி தீய்ந்துவிட்டது. அவர் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

செப்டம்பர் 28, சனி

பதினெட்டாயிரம் பீஸும் மத்தியானமே லாரி ஏறிவிட்டது. ஒரு பீஸ் ரிஜெக்ட் இல்லை. முதலாளி லட்டு கொடுத்தார். பீகார்ப் பண்டிகையான சத் பூஜைக்கு ஊருக்குப் போக இருபது நாள் லீவு ராம்பிரவேஷ் அவரிடமே கிளி மூலம் பேசி வாங்கிக்கொண்டார். நடுவில் ஆள் வேண்டியிருக்கவில்லை.

சாயந்திரம் நிவேதா மேடம் கூப்பிட்டார். அவர் ஆரம்பிப்பதற்குள் நானே சொன்னேன், பசந்தியை சூப்பர்வைசர் ஆக்குங்கள், மூன்று பாஷை தெரியும், டைலர் வேலையும் தெரியும், நான் செக்கிங்குக்குப் போகிறேன் என்று. நானாகத்தான் கேட்டுக்கொண்டேன். மேஜை மேல் ஆர்டர் ஏற்கெனவே டைப் அடித்து இருந்தது என்பது வேறு விஷயம்.

செப்டம்பர் 30, திங்கள்

செக்கிங் டேபிள். பழைய கத்தரியே கிடைத்தது. கை மறக்கவில்லை. பிசிர் வெட்டுவது ஒன்றும் கேவலமான வேலை இல்லை, இடுப்புதான் பிடித்துக்கொள்கிறது.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் எழுந்து போய் ஸ்டாண்டிலிருந்து கிளியை எடுத்தேன். பசந்தி, புது சூப்பர்வைசர், தடுக்கவில்லை. ராம்பிரவேஷும் மயிலண்ணனும் சுவரோரம் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்கள். பசந்தியும் என் பின்னாலேயே வந்தாள்.

நான் இந்தியில் பேசவில்லை. என் வாயை எனக்குத் தெரியும். பொத்தானை அமுக்கித் தமிழில் சொன்னேன்: "உங்க லீவை நான் முதலாளிட்ட கேக்கவே இல்ல. பயந்துட்டேன். என்ற வேலை போயிருமேன்னு உங்க பொண்ணு கல்யாணத்தை நான் எடுத்துக்கிட்டேன். ரெண்டு பக்கமும் பொய் சொன்னேன். போனைப் புடிச்சுக்கிட்டு நின்னப்பவும் உங்ககிட்டச் சொல்லல. மன்னிச்சிருங்கன்னு கேக்கறதுக்குக்கூட எனக்கு மொகம் இல்ல. ஆனா கேக்கறேன்."

கிளி சொன்னது. செய்தி வாசிக்கும் குரலில், கூட்டாமல், குறைக்காமல், ஒரு வரி விடாமல் சொன்னது. அந்த எழவெடுத்த கிளியை முதல் தடவையாக எனக்குப் பிடித்தது.

ராம்பிரவேஷ் கையிலிருந்த ரொட்டியை டப்பாவில் வைத்தார். மூடியைப் போட்டார். நான் பொத்தானை அமுக்கியபடி கிளியை நீட்ட, பேச ஆரம்பித்தார். இந்தி இல்லை. அவருடைய ஊர்ப் பேச்சு, போஜ்புரி. கிளி, "தயவு செய்து மீண்டும் கூறவும்" என்றது. அவர் நிறுத்தவில்லை. குரல் உயரவில்லை, கழுத்து நரம்பு மட்டும் எழும்பி நின்றது. கிளி திரும்பத் திரும்பக் கெஞ்சியது. மயிலண்ணன் கை நீட்டி அதை அணைத்தார். ராம்பிரவேஷ் இன்னும் பேசினார். ஐந்து நிமிஷம் இருக்கும். முடித்ததும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன பசந்தி சொல்றாப்ல?" என்றார் மயிலண்ணன் மெதுவாக. பீகார்ப் பெண்களோடு ஒரே ரூமில் இருப்பதால் அவளுக்கு அந்தப் பேச்சும் புரியும்.

பசந்தி ராம்பிரவேஷைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். புடவை முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டாள்.

"பரவால்லைன்னு சொல்றாருங்க்கா. நடந்தது நடந்துபோச்சு, நீங்க போய்ச் சாப்பிடுங்கன்னு சொல்றாரு."

எனக்கு போஜ்புரி தெரியாது. பிவண்டியில் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். பிட்டியா என்றால் மகள் என்று மட்டும் தெரியும். அவர் அதை ஆறு தடவை சொன்னார். பசந்தி சொன்ன தமிழில் அது ஒரு தடவைகூட வரவில்லை.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு வந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன்.